கைநாட்டும் சித்த சுவாதீனமும்



தோட்டத்து லயத்தில் ஒரு பாட்டி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நாற்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டிச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், பக்கத்துக் கம்பத்தில் பலகை வீடு ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். ஒரு நாள் மகன் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து, "ஆத்தா, இதுல கைநாட்டு வை" என்கிறான். அவளும் மை தடவிய பெருவிரலை நீட்டுகிறாள். அடுத்த வாரம் மகள் வந்து நிற்கிறாள். "ஆத்தாவுக்குப் புத்தி தடுமாறி ஒரு வருஷமாச்சு. போன தடவை வந்தப்போ என்னையே யாருன்னு கேட்டுச்சு. அது வச்ச கைநாட்டு எப்படிச் செல்லும்?" என்று கேட்கிறாள். மகன் விடுவதாக இல்லை. "ஆத்தாவுக்கு ஒண்ணும் இல்ல. கோயில் திருவிழா என்னைக்குன்னு கேட்டுப் பாரு, டாண்ணு சொல்லும்" என்கிறான்.

இந்தச் சண்டையைக் கேள்விப்படாத தோட்டம் நம் நாட்டில் இருக்காது. அண்ணனும் தங்கையும் பேச்சுவார்த்தை அற்றுப் போவதற்கு இது போன்ற ஒரு காகிதமே காரணமாக இருந்த குடும்பங்கள் எத்தனையோ. ஆனால், இருவரில் யார் சொல்வது சரி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒருவருக்குத் தம்முடைய காரியத்தைத் தாமே முடிவு செய்யும் அளவுக்குப் புத்தித் தெளிவு இருக்கிறதா என்பதை எந்தக் கோலால் அளப்பது? பத்திரங்களில் "சித்த சுவாதீனத்துடன்" என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள். அந்தச் சித்த சுவாதீனம் என்பது என்ன?

இக்கேள்விக்கு விடை தேடிய வரலாறு அறுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள நீதிமன்றங்கள் பின்பற்றும் சட்டத்தின் ஆணிவேர் இங்கிலாந்தில் இருப்பதால், நம்முடைய கதையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1383ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் லின் என்றொரு துறைமுகப் பட்டணம். அங்கே எம்மா டி பெஸ்டன் என்ற விதவை வாழ்ந்து வந்தாள். சொத்துள்ள பெண். அவளுக்குப் புத்தி சரியில்லை என்று அரசாங்கத்துக்குச் செய்தி போயிருந்தது. அவளுடைய சொத்தை யார் பராமரிப்பது என்பதில் போட்டியும் இருந்தது. ஆகவே, அரசரின் கட்டளைப்படி அதிகாரிகள் அவளை நேரில் விசாரித்தார்கள். அந்த விசாரணைக் குறிப்பு இன்றும் இருக்கிறது.

எந்த ஊரில் இருக்கிறாய் என்று கேட்டார்கள். அவள் ஈலி என்று வேறோர் ஊரின் பெயரைச் சொன்னாள். இன்று என்ன கிழமை? தெரியாது. வாரத்துக்கு எத்தனை நாள்? ஏழு என்றாள், ஆனால் அவற்றின் பெயர்களைச் சொல்ல வரவில்லை. உனக்கு எத்தனை கணவர்கள் இருந்தார்கள்? மூன்று என்றாள், ஒருவர் பெயரைத்தான் சொல்ல முடிந்தது. பிள்ளை உண்டா? மகன் ஒருவன் உண்டு, பெயர் தெரியாது. நாற்பது பென்னிக்கு எத்தனை ஷில்லிங்? தெரியாது. கடைசியாக ஒரு சூட்சுமமான கேள்வி. இருபது வெள்ளிக் குரோட்டு வேண்டுமா, நாற்பது பென்னி வேண்டுமா? குரோட்டு என்பது நான்கு பென்னி பெறுமதியுள்ள நாணயம். ஆகவே, இருபது குரோட்டு என்றால் எண்பது பென்னி. எம்மாவோ, இரண்டும் ஒரே மதிப்புத்தான் என்று பதில் சொன்னாள்.

தன்னையும் தன் நிலபுலத்தையும் நிர்வகிக்கும் அறிவு இவளுக்கு இல்லை என்று அதிகாரிகள் முடிவு செய்தார்கள். அவளுடைய முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்றும் எழுதி வைத்தார்கள். முகத்தைப் பார்த்துப் புத்தியை அளக்கும் பழக்கம் அன்றும் இருந்தது, இன்றும் போகவில்லை.

ஆயினும், ஒன்றைக் கவனியுங்கள். பேய் பிடித்திருக்கிறதா, நாடி எப்படி ஓடுகிறது என்றெல்லாம் அவர்கள் சோதிக்கவில்லை. ஊர், கிழமை, குடும்பம், சில்லறைக் கணக்கு என்று அன்றாட வாழ்க்கையிலிருந்தே கேட்டார்கள். இன்றைக்கு மருத்துவமனையில் வயதானவர்களிடம் டாக்டர் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய இவைதாம். இன்று என்ன கிழமை, நாம் எங்கே இருக்கிறோம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் பார்க்கலாம் என்றுதான் அவரும் கேட்கிறார்.

அரசருக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை? காரணம் சொத்துத்தான். பிறவியிலேயே புத்தி வளராதவருடைய நிலம் அரசர் கைக்குப் போகும். அவருக்குச் சோறு துணி கொடுத்தது போக, மிச்ச வருமானத்தை அரசரே எடுத்துக்கொள்ளலாம். இடையில் புத்தி பேதலித்தவருடைய நிலத்தை அரசர் பாதுகாத்து, அவர் தெளிந்ததும் திருப்பித் தர வேண்டும். இந்த இரண்டாம் வகையினருக்கு 'லூனடிக்' என்று பெயர். லத்தீன் மொழியில் 'லூனா' என்றால் நிலா. நிலா வளர்ந்து தேய்வது போல இவர்கள் புத்தியும் கூடிக் குறையும் என்று நம்பினார்கள். அமாவாசை வந்தால் அவனுக்கு அதிகமாகும் என்று நம் பாட்டிமார் சொல்வதும் இதே கணக்குத்தான்!

1534இல் ஃபிட்ஸ்ஹெர்பர்ட் என்ற நீதிபதி ஒரு சட்ட நூலில் இதற்கு இலக்கணமே வகுத்தார். இருபது பென்னி எண்ணத் தெரியாதவன், தாய் தகப்பன் யார் என்று சொல்லத் தெரியாதவன், தன் வயது தெரியாதவன், இவன்தான் பிறவியில் புத்தி இல்லாதவன் என்றார்.

இந்த அளவுகோலை வைத்து நம் பெரியவர்களை அளந்தால் என்ன ஆகும்? கப்பலில் வந்திறங்கிய தலைமுறையில் தம் வயதைச் சரியாகச் சொன்னவர்கள் எத்தனை பேர்? அடையாளக் கார்டில் கிராணி போட்ட வயதுதான் பலருக்கு வயது. இன்று என்ன தேதி என்று கேட்டால் பாட்டி விழிப்பாள். சம்பளம் போட எத்தனை நாள் இருக்கிறது என்று கேளுங்கள், உடனே சொல்வாள். கேள்வியிலேயே கோளாறு இருந்தால் பதிலைக் கொண்டு என்ன முடிவுக்கு வர முடியும்?

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று அந்தப் பழைய முறையில் இருந்தது. புத்தி உண்டா இல்லையா என்று மொத்தமாகக் கேட்டார்களே தவிர, எந்தக் காரியத்துக்குப் புத்தி என்று கேட்கவில்லை. உண்டு என்றால் எல்லாவற்றுக்கும் உண்டு. இல்லை என்றால் எதற்குமே இல்லை. 1848இல்கூட, புரூம் பிரபு என்ற பெரிய சட்ட நிபுணர் ஒரு வழக்கில் இதையே வலியுறுத்தினார். மனம் என்பது ஒன்றுதான், அதைக் கூறு போட முடியாது; ஒரு விஷயத்தில் பேதலித்த மனம், வேறு விஷயத்தில் நன்றாக இருப்பது போலத் தோன்றினாலும் அதை நம்ப முடியாது என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பால் மரம் வெட்டுகிறவர்களுக்குத்தான் இதிலுள்ள பிசகு சட்டென்று புரியும். ஒரு பக்கப் பட்டை காய்ந்து பால் நின்றுவிட்டது என்பதற்காக மரத்தையே செத்த மரம் என்று சொல்லிவிடுவீர்களா? மறுபக்கம் வெட்டிப் பார்ப்பீர்கள் அல்லவா?

மனித மனத்தையும் அப்படி மறுபக்கம் வெட்டிப் பார்த்த வழக்கு ஒன்று உண்டு. இன்றைய பேச்சில் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அதைத்தான்.

இங்கிலாந்தின் வடமேற்கில், மலையும் ஏரியும் சூழ்ந்த கம்பர்லாந்து என்ற பகுதி. அங்கே ஜான் பேங்க்ஸ் என்பவர் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவருக்குப் பதினைந்து வீடுகள் சொந்தம். 1841இல் சில மாதங்கள் பைத்தியக்கார விடுதியில் அடைக்கப்பட்டிருந்தார். பிறகு வெளியே வந்துவிட்டார் என்றாலும் மனத்திலிருந்த பீதி போகவில்லை. ஃபெதர்ஸ்டோன் அலெக்சாண்டர் என்ற ஒருவன் தம்மைத் துரத்தித் துரத்தித் துன்புறுத்துகிறான் என்று அவர் நம்பினார். அந்த மனிதனோ செத்துப் பல வருஷமாகிவிட்டது. அவன் பெயரை யாராவது சொன்னால் போதும், பேங்க்ஸுக்கு வெறி வந்துவிடும். பிசாசுகள் தம்மைப் பின்தொடர்வதாகவும், அவற்றைக் கண்ணாலேயே காண்பதாகவும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த மனிதர் 1863இல் உயில் எழுதினார். தம்மோடு இருந்த மருமகள் முறைப் பெண் மார்கரெட் குட்ஃபெல்லோவுக்குப் பதினைந்து வீடுகளையும் எழுதி வைத்தார். மார்கரெட் அவருடைய சகோதரியின் மகள். 1865இல் பேங்க்ஸ் இறந்தார். அந்தப் பெண்ணுக்கும் ஆயுசு இல்லை. இரண்டே வருஷத்தில், உரிய வயது நிரம்பும் முன்பே, அவளும் இறந்துவிட்டாள். வீடுகள் அவளுடைய வாரிசான ஒருவனுக்குப் போயின. அவனுக்கும் பேங்க்ஸுக்கும் இரத்த சம்பந்தமே கிடையாது. பேங்க்ஸின் சகோதரர் ஒருவருடைய மகன் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? செத்தவன் துரத்துகிறான், பிசாசு வருகிறது என்று புலம்பியவர் எழுதிய உயில் எப்படிச் செல்லும் என்று வழக்குப் போட்டான். அவன் பெயரும் ஜான் பேங்க்ஸ்தான்.

1869இல் வழக்கு ஜூரிகள் முன்னால் விசாரணைக்கு வந்தது. அவருக்குப் புத்தி சரியில்லை என்று சொல்லச் சாட்சிகள் வந்தார்கள். மறுபக்கத்துச் சாட்சிகள் வேறொரு பேங்க்ஸைக் காட்டினார்கள். தம் வீட்டு வாடகைகளைத் தாமே வசூலித்தவர், பண விஷயத்தில் மிகவும் கவனமானவர், சிக்கனக்காரர் என்றார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இந்த வழக்கின் விசேஷம். பிசாசைக் கண்டு நடுங்கியவரும் வாடகைக் கணக்கில் ஒரு காசு விடாதவரும் ஒரே ஆள்தான்.

உயில் செல்லும் என்று ஜூரிகள் தீர்ப்புக் கூறினார்கள். அது மேல்விசாரணைக்குப் போனது. 1870இல் தலைமை நீதிபதி காக்பர்ன், தம்மோடு அமர்ந்த மற்ற நீதிபதிகள் சார்பில் தீர்ப்பை வாசித்தார். மனம் ஒன்றே, அதில் ஒரு மூலையில் கோளாறு என்றால் முழுவதும் கோளாறு என்ற பழைய வாதத்தை அவர் ஏற்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி, இவருக்குப் புத்தி பேதலித்திருந்ததா என்பதல்ல. அந்தப் பேதலிப்பு இந்த உயிலைத் தொட்டதா என்பதே.

உயில் எழுதுபவரிடம் என்ன தெளிவு இருக்க வேண்டும் என்பதை அத்தீர்ப்பு சொல்லிற்று. நான் செய்வது என்ன, அதனால் என்ன நடக்கும் என்பது அவருக்குப் புரிய வேண்டும். தம்மிடம் என்ன சொத்து இருக்கிறது என்பது ஏறத்தாழவாவது தெரிய வேண்டும். தம்மிடம் உரிமையோடு எதிர்பார்க்கக்கூடியவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்க்க முடிய வேண்டும். அப்படி எண்ணும்போது, மனநோய் வந்து குறுக்கே நின்று பாசத்தை நஞ்சாக்கியிருக்கக் கூடாது. பேங்க்ஸின் பிசாசுகளுக்கும் மார்கரெட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தம்மோடு இருந்த சகோதரி மகளுக்குத் தம் வீட்டை எழுதி வைப்பது, நல்ல புத்தியுள்ள எந்த மனிதரும் செய்யக்கூடியதுதான். ஆகவே உயில் செல்லும். ஒருவேளை, "என் சகோதரன் மகன்தான் அலெக்சாண்டரை என்மேல் ஏவிவிடுகிறான்" என்று நம்பி அவனை ஒதுக்கியிருந்தால், கதை வேறு விதமாக முடிந்திருக்கும்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உயில் வழக்கு நடக்கும்போது வழக்கறிஞர்கள் இன்றும் பேங்க்ஸின் பெயரைச் சொல்லித்தான் வாதாடுகிறார்கள். பிசாசைக் கண்டு பயந்த ஒரு வடநாட்டுக்காரர் நம் கோர்ட்டுகளில் இன்னும் உலவுகிறார் என்று சொல்லலாம்.

உயிலுக்குச் சொன்னது ஒப்பந்தத்துக்கும் பொருந்துமா? பேங்க்ஸ் தீர்ப்பு வந்த இரண்டாம் ஆண்டு, 1872இல், இந்தியாவில் ஒப்பந்தச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அதை ஒட்டி அமைந்ததே. ஒப்பந்தம் செய்யும் அந்த நேரத்தில், அது இன்னது என்று விளங்கிக்கொண்டு, தம் நன்மை தீமையைச் சீர்தூக்கிப் பார்க்க முடிந்தால் அவர் சித்த சுவாதீனம் உள்ளவர் என்கிறது அச்சட்டம். அதிலே இரண்டு உதாரணங்களும் தரப்பட்டுள்ளன. மனநோய் மருத்துவமனையில் இருப்பவரானாலும், இடையிடையே தெளிவு வருமானால் அந்தத் தெளிந்த நேரத்தில் அவர் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். நல்ல புத்தியுள்ளவரே ஆனாலும், ஜுரத்தில் பிதற்றும்போதோ, ஒப்பந்தத்தின் விவரம் விளங்காத அளவுக்குக் குடித்திருக்கும்போதோ ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது.

தாய்மார்கள் இந்த இரண்டாம் உதாரணத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. சம்பள நாளன்று கள்ளுக்கடையிலோ சம்சு போத்தலுக்கு முன்னாலோ வைத்து வாங்கிய கையெழுத்துகள் எத்தனை குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியிருக்கின்றன! குடித்திருந்தார் என்பது மட்டும் போதாது, விளங்காத அளவுக்குக் குடித்திருந்தார் என்பதைக் காட்ட வேண்டும். அது சுலபமான காரியமல்ல. ஆனாலும் சட்டம் அந்தக் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது.

நாம் முதலில் பார்த்த பாட்டியின் காகிதம் உயிலும் அல்ல, வியாபார ஒப்பந்தமும் அல்ல. உயிரோடு இருக்கும்போதே வீட்டைத் தானமாக மாற்றிக் கொடுப்பது. இதே மாதிரி ஒரு விவகாரம் இங்கிலாந்தில் நடந்தது. சட்டப் புத்தகங்களில் அதற்குப் பீனி வழக்கு என்று பெயர். மூப்பினால் அறிவு மங்கிப்போன ஒரு தாய், 1973இல் மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடி, தம் வீட்டை மூத்த மகளுக்கு மாற்றிக் கையெழுத்திட்டார். மகளுக்கு வீட்டைக் கொடுக்கிறீர்கள், சம்மதமா என்று வழக்கறிஞர் எளிமையாகக் கேட்டார். தாயும் ஆமென்று காட்டினார். அவர் இறந்த பிறகு மற்ற இரண்டு பிள்ளைகளும் வழக்குப் போட்டார்கள்.

1978இல் வெளியான தீர்ப்பு, மாற்றம் செல்லாது என்றது. பேரனுக்கு ஐந்து வெள்ளி கொடுக்க அதிகத் தெளிவு வேண்டியதில்லை. இருக்கும் ஒரே வீட்டையே ஒருவருக்குக் கொடுப்பதானால், உயில் எழுதும் அளவுக்குத் தெளிவு வேண்டும். கொடுத்துவிட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு மிஞ்சுவதற்கு ஒன்றும் இராது என்பது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். "சரி" என்று தலையசைப்பது அதற்குப் போதாது. ஐந்து வெள்ளி என்பது நான் சொல்லும் உதாரணம், கருத்து நீதிமன்றத்தினுடையது. கொடுக்கும் பொருள் பெரிதாகப் பெரிதாக, தேவைப்படும் தெளிவும் பெரிதாகிறது.

இதுவரை சொத்தைப் பற்றியே பேசினோம். சொத்தே இல்லாதவருக்கும் ஒன்று சொந்தமாக இருக்கிறது, அவருடைய உடம்பு. அதைப் பற்றி முடிவு செய்வது யார்?

நம் நாட்டில் நெடுங்காலம் அந்தக் கேள்வியே எழவில்லை. சிங்கப்பூரில் 1841இல் பைத்தியக்கார மருத்துவமனை தொடங்கியது. பேராவில் தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911இல் தொடங்கியது. அவற்றில் ஒருவரைச் சேர்த்துவிட்டால், அவருடைய வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை என்றுதான் ஊரும் உறவும் எண்ணின. சேட்டை செய்யும் பிள்ளையைக்கூட, "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்" என்று மிரட்டுவது நமக்கெல்லாம் பழக்கமாயிற்று. அந்த மருத்துவமனைக்கு இன்று பஹாகியா என்று பெயர், அதாவது மகிழ்ச்சி. ஆனால் பழைய பெயரில் ஒட்டிய கறை இன்னும் கழுவப்படவில்லை. அங்கே வைத்தியம் பெற்றுச் சுகமாகித் திரும்பியவரிடம், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதுகூட ஒரு வார்த்தை கேட்காத குடும்பங்கள் உண்டு. புரூம் பிரபுவின் வாதத்தை நாம் படிக்காமலே பின்பற்றி வந்திருக்கிறோம்.

உடம்பைப் பற்றிய முக்கியமான வழக்கும் இங்கிலாந்தில்தான் நடந்தது. சட்ட ஏடுகள் அந்த நோயாளியை 'சி' என்ற ஒற்றை எழுத்தால்தான் குறிக்கின்றன. வயது 68. பிராட்மூர் என்ற பலத்த காவலுள்ள மனநோய் மருத்துவமனையில் இருந்தவர். கடுமையான மனச்சிதைவு நோய் அவருக்கு. தாம் உலகப் புகழ் பெற்ற டாக்டர் என்று நம்பிக்கொண்டிருந்தார். 1993இல் அவருடைய பாதம் அழுகத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுக்காவிட்டால், பிழைக்க நூற்றுக்குப் பதினைந்து பங்குதான் வாய்ப்பு என்றார் அறுவைச் சிகிச்சை நிபுணர். இனிப்பு நீர் வியாதியால் கால் எடுக்கப்பட்டவர்கள் நம்மிடையே அதிகம் என்பதால், அந்தப் பேச்சின் கனம் உங்களுக்குத் தெரியும்.

'சி' மறுத்துவிட்டார். ஒரு காலோடு வாழ்வதைவிட இரண்டு காலோடு சாவதே மேல் என்றார். காலை வெட்டாமல் செய்த வைத்தியத்திலேயே அப்போதைக்கு ஆபத்து நீங்கிவிட்டது. ஆனால் மீண்டும் அழுகினால் வெட்ட மாட்டோம் என்று மருத்துவமனை உறுதி கூறவில்லை. அவர் நீதிமன்றம் போனார். பைத்தியம் என்று பூட்டி வைக்கப்பட்ட மனிதர், தம் காலைக் காப்பாற்ற நீதிபதியிடம் போனார்!

நீதிபதி தார்ப் பார்த்தது என்ன? சொன்ன விவரத்தை இவர் விளங்கி மனத்தில் வைத்துக்கொள்கிறாரா? அதை நம்புகிறாரா? சாதக பாதகங்களைச் சீர்தூக்கி ஒரு முடிவுக்கு வருகிறாரா? தாம் பெரிய டாக்டர் என்ற மயக்கம் இருந்தாலும், வெட்டாவிட்டால் சாகலாம் என்பது அவருக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. ஆகவே, அவருடைய எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் காலைத் தொடக் கூடாது என்று நீதிபதி தடை விதித்தார். 1994இல் சட்ட ஏடுகளில் வெளியான இத்தீர்ப்பு, பேங்க்ஸின் கேள்வியை வீட்டிலிருந்து உடம்புக்குக் கொண்டுவந்தது எனலாம்.

அந்தச் சிந்தனை பிறகு நம் பக்கத்துச் சட்டங்களிலும் இடம் பெற்றது. தீபகற்ப மலேசியாவில் 1952ஆம் ஆண்டின் மனநோயாளர் சட்டம் நீண்ட காலம் நடப்பிலிருந்தது. அதன் இடத்துக்கு 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வந்து, 2010 ஜூன் மாதம் அமலுக்கு வந்தது. மனநோயுள்ளவருக்கு அறுவைச் சிகிச்சையோ மின் அதிர்ச்சிச் சிகிச்சையோ செய்வதற்கு அவருடைய சம்மதத்தையே முதலில் பெற வேண்டும். சம்மதம் கொடுக்கும் திறன் அவருக்கு உண்டா என்று பார்க்கும் மனநோய் மருத்துவர், தம் நோய் என்ன, சிகிச்சை எதற்கு, அதைச் செய்தால் என்ன ஆபத்து, செய்யாவிட்டால் என்ன ஆபத்து என்பவை அவருக்கு விளங்குகின்றனவா என்று கவனிக்க வேண்டும். திறன் இல்லை என்று கண்ட பிறகே பாதுகாவலரும் உறவினரும் வருகிறார்கள். ஒருவர் தம்மையும் தம் காரியங்களையும் நிர்வகிக்க இயலாதவர் என்று தீர்மானித்து, அவருக்குப் பொறுப்பாளரை நியமிப்பது உயர் நீதிமன்றத்தின் வேலை. மூத்த மகன் என்பதனாலேயே அந்த அதிகாரம் யாருக்கும் வந்துவிடாது.

சிங்கப்பூர் 2008இல் இதற்கென்றே ஒரு தனிச் சட்டம் நிறைவேற்றி, 2010 மார்ச் முதல் தேதி அமலுக்குக் கொண்டுவந்தது. திறன் இல்லை என்று காட்டும் வரையில் எல்லாரும் திறன் உள்ளவர்களே என்று அச்சட்டம் கொள்கிறது. ஒருவர் எடுக்கும் முடிவு முட்டாள்தனமாகத் தோன்றுவதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. எனக்கு அதிகம் பிடித்தது இன்னொரு விதி. ஒருவருக்கு விளங்கவில்லை என்று சொல்வதற்கு முன், அவருக்கு விளங்கும் விதத்தில், எளிய சொற்களிலோ படங்களிலோ விளக்கிப் பார்த்திருக்க வேண்டும். தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டியிடம் ஆங்கிலத்திலோ மலாயிலோ கேட்டுவிட்டு, அவளுக்குப் புத்தி இல்லை என்று எழுதுவது செல்லாது என்றே இதற்கு அர்த்தம்.

அப்படியானால், லயத்து வாசலில் நாம் விட்டுவிட்டு வந்த பாட்டியின் காகிதம்? தேதி தெரியாததும், மகளை ஒரு தடவை அடையாளம் மறந்ததும் மட்டுமே அவளுடைய கைநாட்டைச் செல்லாமல் ஆக்கிவிடாது. மகள் சொன்னது போதாது. திருவிழா நாளைச் சரியாகச் சொல்வதும் அவளுக்கு வீட்டைப் பற்றிய தெளிவு இருந்ததற்குச் சாட்சியாகாது. மகன் சொன்னதும் போதாது. பெருவிரலை நீட்டிய அந்த நேரத்தில், இருக்கும் ஒரே வீடு கைவிட்டுப் போகிறது, மகளுக்கு இனி ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்ததா என்பதுதான் கேள்வி. அதைச் சொல்லக்கூடிய மூன்றாம் மனிதர் அங்கே ஒருவரும் இல்லை. இந்தக் குடும்பத்தின் துன்பம் அங்கேதான் தொடங்குகிறது.

1975இல் இங்கிலாந்தின் நீதிபதி டெம்பிள்மன், இப்படிப்பட்ட சண்டைகளைத் தவிர்க்க ஒரு வழி சொன்னார். வயது முதிர்ந்தவரோ கடும் நோயாளியோ உயில் எழுதினால், ஒரு டாக்டர் அவரைப் பரிசோதித்து, தாமே சாட்சியாக இருப்பது நல்லது. டாக்டர் தாம் கண்டதைக் குறித்தும் வைக்க வேண்டும் என்றார். தானப் பத்திரத்துக்கும் இதே முன்யோசனை பொருந்தும். உயிலாக இருந்தால் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். நம் நாட்டின் 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவருக்கோ அவர் மனைவிக்கோ கணவருக்கோ அந்த உயிலில் எழுதிய சொத்து அவர்களுக்குச் சேராது.

அனுபவமுள்ள வழக்கறிஞர் வேறொன்றையும் செய்வார். மகனையும் மகளையும் வெளியே போய் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவார். அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், குடும்பத்தைச் சேராத ஒருவரை மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொள்வார். "ஆமாம், இல்லை" என்று தலையாட்டி முடிக்கக்கூடிய கேள்வி எதையும் கேட்க மாட்டார். "உங்களுக்கு என்னென்ன சொத்து இருக்கு, பாட்டி? பிள்ளைகள் யார் யாரு? வீட்டை யாருக்குக் கொடுக்கணும்னு நினைக்கிறீங்க? ஏன் அவருக்கு? மத்தவங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பாட்டி சொல்வதை அவள் சொன்ன சொற்களிலேயே எழுதி, தேதியும் நேரமும் போட்டு, கைநாட்டு வைத்த காகிதத்தோடு சேர்த்துக் கட்டி வைப்பார்.